வீட்டில் அவசரத்துக்கு ஒரு தோஃபு பெரட்டல்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பிறந்தாலும் சரி, தைப்பூச விரதம் தொடங்கினாலும் சரி, பினாங்கில் தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தோஃபுவைப் பற்றித்தான். ருசி பிடிக்கவில்லை, சட்டியில் ஒட்டுகிறது, உடைந்து கூழாகிறது, சைவம் என்று நம்பி வாங்கினால் உள்ளே முட்டை இருக்கிறது. விரத மாதத்தோடு நிற்காமல், பாலும் முட்டையும்கூடத் தொடாத முழு வீகனாக மாறிவிட்ட இளையவர்களும் இப்போது கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: தோஃபு சரியாக வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதற்குள் இருக்கிற தண்ணீர். அதை வெளியே எடுக்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கடையில் ஏழெட்டு வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

பெரட்டலுக்கு வேண்டியது தவ்குவா, அதாவது அழுத்திக் கெட்டியாக்கிய தோஃபு. ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், புலாவ் தீக்குஸ் பக்கத்துக் காலைச் சந்தைகளில் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாகக் கிடைக்கும். மேலே துணியின் இழை பதிந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் திருப்பித் தள்ள வேண்டும். அதுதான் நல்ல தவ்குவா. பேரங்காடியில் பாக்கெட்டில் வாங்குவதானால் 'கெட்டி' வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் இத்தனை வகை என்பது தயாரிப்பில் இருக்கிறது. சோயா அவரையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கொதிக்கவைத்து, அதில் ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்ஃபேட்டையோ, நிகாரி எனப்படும் கடல்நீர் உப்பையோ சேர்ப்பார்கள். பனீருக்குப் பால் திரிகிற மாதிரி அது திரியும். திரிந்ததைத் துணியில் கட்டிக் கனம் வைத்து அழுத்த அழுத்தத் தண்ணீர் இறங்கிக் கெட்டியாகும். அழுத்தாமல் கிண்ணத்திலேயே உறையவிட்டால் அது மென்தோஃபு. மென்தோஃபுவை ஆவியில் வைத்து மேலே கிச்சாப் (சோயா சாஸ்) விட்டுச் சாப்பிடலாம், சூப்பில் போடலாம். குவாலியில் (வளைந்த வாணலியில்) போட்டுக் கிளறினால் ஒன்றும் மிஞ்சாது.

எண்ணெயில் பொரித்து உப்பவைத்த தவ்ஃபூ போக்கும் பெரட்டலுக்கு ஆகும். அதற்கு ஒரு முறை கொதிநீர் ஊற்றிப் பிழிந்துவிட்டால் பழைய எண்ணெய் போய்விடும். சாறு உள்ளே இறங்கும் என்பதால் குழம்பு வகைக்கு அதையே நான் முதலில் எடுப்பேன்.

பிளாஸ்டிக் குழாயில் வருகிற மஞ்சள் தோஃபு சைவமா?

முட்டை சேர்த்தது. ஜப்பான் தோஃபு என்று விற்பதும் பெரும்பாலும் இதுதான். புரட்டாசிக்கும் ஆகாது, வீகனுக்கும் ஆகாது. பாக்கெட்டில் 'தெலூர்' (மலாயில் முட்டை) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரை எப்படி எடுப்பது? ஒரு மணி நேரம் கனம் வைக்க நேரமில்லை.

வைக்கவே வேண்டாம். மூன்று வழி இருக்கிறது. நேரத்துக்குத் தக்கபடி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது கொதிநீர் வழி. தவ்குவாவைக் கட்டை விரல் பருமனுக்குத் துண்டு போட்டு ஒரு பாத்திரத்தில் பரப்புங்கள். முக்கால் லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்து, துண்டுகள் மூழ்கும்படி ஊற்றிவிடுங்கள். பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். தண்ணீரை எடுப்பதற்குத் தண்ணீரையே ஊற்றுவதா என்று எல்லோரும் கேட்பார்கள். சூடு பட்டதும் தோஃபுவின் புரதம் இறுகி, உள்ளே இருக்கும் நீரை வெளியே தள்ளுகிறது. கூடவே உப்பும் கொஞ்சம் உள்ளே ஏறுகிறது. வெளியே மட்டும் சாஸ் ஒட்டி உள்ளே சப்பென்று இருக்கிற குறை இதனால் தீரும். பிறகு வடித்து, சுத்தமான துணியில் பரப்பி, மேலேயும் ஒரு துணி போட்டு ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றி எடுப்பதைத் தவறவிடாதீர்கள். மேற்பரப்பு காய்ந்திருந்தால்தான் எண்ணெயில் போட்டதும் முறுக ஆரம்பிக்கும்.

இரண்டாவது, கனம் வைப்பது. துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டு, அதன் மேல் அம்மிக்குழவியோ தண்ணீர் நிரப்பிய டப்பாவோ வையுங்கள். 20 நிமிடம் போதும். பாக்கெட் தோஃபுவுக்கு இது நல்லது.

மூன்றாவது, உறைய வைப்பது. முந்தின இரவே பிரிசரில் போட்டு, மறுநாள் உருகவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிழியுங்கள். உறையும்போது பனிக்கட்டி உள்ளே சின்னச் சின்ன அறைகளை உண்டாக்கும். உருகிய பிறகு அந்த ஓட்டைகள் அப்படியே நிற்கும், மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லுவதற்கு இறைச்சிபோல் இருப்பதால், அசைவத்தை விட்டுப் புதிதாக மாறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, முழுச் செய்முறையைச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று பேருக்கான அளவு. சோற்றுப் பானையைத் தட்டிவிட்டு ஆரம்பித்தால், சோறு வேகிற நேரத்துக்குள் பெரட்டல் இறங்கிவிடும்.

தவ்குவா 300 கிராம். பயத்தங்காய் ஒரு பிடி, விரல் நீளத்துக்கு நறுக்கியது. கேரட் பாதி, குடைமிளகாய் பாதி. பெரிய வெங்காயம் ஒன்று, பட்டையாக அரிந்தது. பூண்டு நான்கு பல், இஞ்சி ஒரு அங்குலம், சிலி பாடி எனும் சின்னக் கார மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து. இஞ்சி பெந்தோங் இஞ்சியாக இருந்தால் பாதியே போதும், காரமும் மணமும் கூடுதல். சோள மாவு இரண்டு மேசைக்கரண்டி. எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி.

சாஸைத் தனியாக ஒரு கிண்ணத்தில் முதலிலேயே கலந்து வையுங்கள். உப்புக் கிச்சாப்பான கிச்சாப் மாசின் ஒன்றரை மேசைக்கரண்டி, கறுப்பாகக் கெட்டியாக இருக்கும் கிச்சாப் பெக்காட் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத் தூள் கால் தேக்கரண்டி, சோள மாவு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஐந்து மேசைக்கரண்டி. அடுப்பு எரியும்போது ஒவ்வொரு போத்தலாகத் திறந்துகொண்டிருந்தால் பூண்டு கருகிவிடும்.

தோஃபுவுக்குக் கொதிநீர் ஊற்றிவிட்டு அந்தப் பத்து நிமிடத்தில் காய்களை நறுக்குங்கள். பிறகு வடித்து, ஒற்றி எடுத்து, எண்ணெயில் போடுவதற்குச் சற்று முன் சோள மாவைத் தூவிப் புரட்டுங்கள். முன்கூட்டியே தூவினால் மாவு ஈரத்தைக் குடித்துப் பசையாகிவிடும்.

குவாலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெயில் இரண்டு கரண்டி விட்டு, துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்புங்கள். பிறகு கரண்டியைக் கீழே வையுங்கள். முதலில் சடசடவென்று பெரிய சத்தம் வரும். அது தண்ணீர் ஆவியாகிற சத்தம். மூன்று நிமிடம் போல ஆனதும் சத்தம் மெல்லியதாகி, மழை விட்டபின் கூரை சொட்டுகிற அளவுக்கு வந்து நிற்கும். அப்போது ஒரு துண்டை ஓரத்தில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் அடியில் பொன்னிறம் வந்துவிட்டது, திருப்பலாம். நகரவில்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம். இப்படி இரண்டு மூன்று பக்கம் சிவக்கவிட்டு எடுத்துத் தட்டில் வையுங்கள்.

அதே குவாலியில் மீதி எண்ணெய் விட்டு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, சிலி பாடி, கறிவேப்பிலை போட்டுத் தீயைக் கூட்டி அரை நிமிடம் கிளறுங்கள். கேரட்டும் பயத்தங்காயும் போட்டு இரண்டு நிமிடம். காய்ந்துபோனால் இரண்டு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். குடைமிளகாய் போட்டு அரை நிமிடம். சோள மாவு கிண்ணத்தின் அடியில் தங்கியிருக்கும் என்பதால் சாஸை மறுபடி ஒரு கலக்குக் கலக்கி, குவாலியின் சுவரோரமாகச் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டுக் கிச்சாப் கொஞ்சம் கருகுகிற அந்த மணம் தட்டில் நன்றாகத் தெரியும். சாஸ் கெட்டியாகி மினுங்கியதும் தோஃபுவைத் திரும்பப் போட்டு, நான்கு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். எலுமிச்சை பிழிவதானால் இறக்கியபின்.

எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஒட்டுகிறது. குவாலியை மாற்ற வேண்டுமா?

முதலில் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள். ஒட்டுவதற்கு மூன்று காரணம்: குவாலி காயவில்லை, தோஃபு ஈரமாக இருக்கிறது, அல்லது அடி முறுகுவதற்கு முன் கிளறிவிட்டீர்கள். முறுகல் வந்தால் அதுவே விட்டுக்கொடுக்கும்.

இரும்புக் குவாலி என்றால் அதற்கு எண்ணெய்ப் பதம் ஏறியிருக்க வேண்டும். சோப்புப் போட்டுச் சுரண்டித் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் துருப்பிடித்து ஒட்டும். வெந்நீரில் கழுவி, அடுப்பில் காயவைத்து, துணியில் நனைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

கடையில் வருகிற அந்தப் புகை மணம் வீட்டில் ஏன் வருவதில்லை?

வீட்டு அடுப்பின் தீ கடையடுப்பின் தீக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பினாங்கில் சார் குவே தியோவ் (தட்டை அரிசி நூடுல்ஸ் வறுவல்) போடுகிற நல்ல கைகளைக் கவனியுங்கள். எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒவ்வொரு தட்டாகவே போடுவார்கள். குவாலியில் பண்டம் கூடினால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் வறுபடாமல் தன் நீரிலேயே வேகும். நம் வீட்டில் நடக்கிற தவறு பெரும்பாலும் இதுதான்: ஐந்து பேருக்கானதை ஒரே நேரத்தில் கொட்டுவது. அளவை இரட்டிப்பாக்க வேண்டுமானால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். தோஃபுவைத் தனியாக, காயைத் தனியாக வதக்கிக் கடைசியில் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

மின்தூண்டல் அடுப்பில் வளைந்த குவாலி சூடாகாது. தட்டையான அடியுள்ள கனமான சட்டி வையுங்கள்.

"அது சீனச் சாப்பாடு" என்று பாட்டி தொடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பாட்டியிடம் பசெம்பூர் சாலட்டையும், மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் கடை) மீ கோரெங் எனும் வறுத்த நூடுல்ஸையும் நினைவுபடுத்துங்கள். இரண்டிலும் பொரித்த தவ்குவா துண்டுகள் இருக்கும். பினாங்குத் தமிழர் நாக்குக்கு இது புதிதே இல்லை. வீட்டில் செய்யும்போதுதான் கிச்சாப்போடு நிறுத்திவிடுகிறோம்.

அவருக்காக இப்படிச் செய்து பாருங்கள். மேலே சொன்ன மாதிரி தோஃபுவைச் சிவக்க எடுத்து வைத்துவிட்டு, எண்ணெயில் கடுகு, சோம்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி, மஞ்சள், மல்லித் தூள். தக்காளி கரைந்து எண்ணெய் விடும்போது தோஃபுவைப் போட்டு, கரகரப்பாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி தூவி, சுருளப் பெரட்டி இறக்குங்கள். சாஸ் எதுவும் வேண்டாம். ரசச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இது அருமையாக இருக்கும். வயதானவர்களுக்குப் பல் வலிக்கும் என்றால் முறுகவிடாமல் இளம் பொன்னிறத்தோடு எடுத்துவிடுங்கள்.

பெலாச்சான் இல்லாமல் சம்பால் ருசிக்குமா?

ருசிக்கும், ஆனால் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது. பெலாச்சான் இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்தது. சம்பாலில் அது கொடுப்பது உப்பும், நாவில் நின்று ஊறுகிற ஓர் ஆழமும். அதே ஆழம் சோயாவைப் புளிக்கவைத்த தவ்சூவிலும் இருக்கிறது. சந்தையில் போத்தலில் முழு அவரையாகவும், அரைத்ததாகவும் கிடைக்கும்.

காய்ந்த மிளகாய் பத்தைக் கிள்ளி விதை உதறி வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு மூன்று பல், செராய் (எலுமிச்சைப் புல்) ஒரு தண்டின் வெள்ளைப் பகுதி சேர்த்து நைசாக அரையுங்கள். எண்ணெய் தாராளமாக விட்டுச் சின்னத் தீயில் வதக்குங்கள். இங்கே அவசரப்பட வேண்டாம். பச்சை வாடை போய், விழுது கருஞ்சிவப்பாகி, எண்ணெய் ஓரத்தில் தனியே பிரிந்து நிற்க வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பிறகு தவ்சூ இரண்டு தேக்கரண்டி, புளிக்கரைசல், கொஞ்சம் பனைவெல்லம். தவ்சூவிலேயே உப்பு இருக்கிறது, ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். முறுகிய தவ்குவாவும் கங்குங் கீரையும் இதில் நன்றாகப் பொருந்தும். விழுதை இரண்டு மடங்கு செய்து போத்தலில் அடைத்துக் குளிரூட்டியில் வைத்தால் வார நாளில் பெரட்டல் பத்து நிமிட வேலை.

எந்தெந்தச் சாமானில் அசைவம் ஒளிந்திருக்கும்?

இந்த ஊரில் வீகனாகச் சமைப்பதில் கவனம் வேண்டியது இந்த இடத்தில்தான். காய்கறியும் தோஃபுவும் நம்மை ஏமாற்றுவதில்லை, போத்தல்கள்தான் ஏமாற்றும்.

சிப்பி சாஸில் உண்மையிலேயே சிப்பிச் சாறு இருக்கிறது. காளானில் செய்த சைவ வகை அதே அலமாரியில் கிடைக்கும், பார்த்து எடுங்கள். கிச்சாப் சோயா, கோதுமை, உப்பு கொண்டு புளிக்கவைப்பது, பொதுவாகப் பயமில்லை. சூப் கட்டி, மசாலாப் பொட்டலம் ஆகியவற்றில் 'அயாம்' (கோழி), 'ஈக்கான் பிலிஸ்' (நெத்திலி) என்று இருந்தால் வைத்துவிடுங்கள். கடையில் விற்கும் சம்பால் போத்தல்களில் பெரும்பாலானவற்றில் 'பெலாச்சான்' அல்லது 'உடாங்' (இறால்) இருக்கும். மஞ்சள் மீ நூடுல்ஸில் சில தயாரிப்புகளில் முட்டை உண்டு. பீஹூன் அரிசியில் செய்தது, அதனால் நான் அதையே சொல்வேன்.

சைவ இறைச்சி என்று உறைநிலையில் விற்பதைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். சீன சைவ வழக்கத்தில் பாலும் முட்டையும் சேர்க்கிறவர்கள் உண்டு என்பதால், துண்டுகள் ஒட்டிக்கொள்ள முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ கலந்திருக்கும். 'தெலூர்' முட்டை, 'சூசூ' பால். நம் புரட்டாசிச் சைவத்துக்குப் பால் பரவாயில்லை, வீகனுக்கு ஆகாது. அதே காரணத்தால் தாளிப்பில் நெய் வேண்டாம்.

யோங் தவ்ஃபூ கடையில் தோஃபுதானே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அதன் வயிற்றில் மீன் விழுது அடைத்திருப்பார்கள்.

வெங்காயம் பூண்டு இல்லாமல் செய்ய முடியுமா? சீன நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள்.

தாராளமாக முடியும். பினாங்கில் ஒன்பது பேரரசர் தெய்வ விழாவின்போது மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் அப்படித்தான் சமைக்கிறார்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள் அது. சில ஆண்டுகளில் நம் புரட்டாசியோடு சேர்ந்து வரும். 2024-ல் அக்டோபர் 3 முதல் 11 வரை அப்படி வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலும் சைவம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட நல்ல வாய்ப்பு.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். பூண்டை விலக்கும்போது நம் கை தானாகப் பெருங்காய டப்பாவுக்குப் போகும். சீனப் பௌத்த சைவத்தில் விலக்குகிற ஐந்து காரப் பொருள்களில் பூண்டு, வெங்காய வகைகளோடு பெருங்காயமும் ஒன்று. அவர்களுக்குச் சமைக்கும்போது அதையும் விட்டுவிடுங்கள். இஞ்சியைக் கூடுதலாக, மெல்லிய குச்சிகளாக அரிந்து மொறுமொறுவென்று வறுத்தெடுங்கள். உலர்ந்த ஷிட்டாகே காளானை ஊறவைத்து, அதன் தண்ணீரை வீணாக்காமல் சாஸில் ஊற்றுங்கள். பூண்டு இல்லாத குறையே தெரியாது.

எந்த எண்ணெய் நல்லது?

வீட்டில் இருக்கிற செம்பனை எண்ணெயே போதும், கடலை எண்ணெய் இருந்தால் மணம் கூடும். இரண்டும் சுத்திகரித்தவை என்றால் அதிகச் சூட்டைத் தாங்கும். சீனக் கடையில் வாங்குகிற வறுத்த எள் எண்ணெயில் பொரிக்காதீர்கள், கசந்துவிடும். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி மேலே விட்டால் போதும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. அந்த மணத்துக்கு அது ஈடாகாது, ஆனால் மிளகுப் பெரட்டலுக்கு அதுதான் பொருத்தம்.

வேறு என்ன காய் போடலாம்?

சாவிக் கீரை, கைலான் கீரை, பிராக்கோலி, பேபி கார்ன், காளான், வெண்டைக்காய், எதுவும். தண்டை முதலில் போட்டு இலையைக் கடைசியில் போடுங்கள். தவ்கே (முளைப்பயறு) அரை நிமிடத்துக்கு மேல் தீயில் இருந்தால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். ஒரு பெரட்டலுக்கு மூன்று காய்க்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு ஏழு காய் சேர்ந்தால் எதன் ருசியும் தனியாகத் தெரியாது.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா?

செய்யலாம். ஒற்றி எடுத்த துண்டுகளில் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சோள மாவும் பிசிறி, 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். பாதியில் ஒரு தடவை குலுக்கிவிடுங்கள். குவாலியில் வருகிற மணம் கொஞ்சம் குறையும், ஆனால் முறுகல் நன்றாகவே வரும். பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ள இதுதான் பாதுகாப்பு.

கோழிக்கு ஈடான புரதம் இருக்கிறதா?

எடைக்கு எடை பார்த்தால் இல்லை. வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம். கெட்டித் தோஃபுவில் வகையைப் பொறுத்து 12 முதல் 17 கிராம் வரை. மென்தோஃபுவில் அதில் பாதிகூட வராது. ஆனால் சோயாப் புரதத்தில் உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாமே இருக்கின்றன, பயறு வகைகளில் இது அபூர்வம். கால்சியம் சல்ஃபேட்டால் திரியவைத்த தோஃபுவில் சுண்ணாம்புச் சத்தும் நன்றாக உண்டு. இரும்புச் சத்தும் இருக்கிறது. எலுமிச்சையோ குடைமிளகாயோ சேர்ந்தால், அவற்றின் சி வைட்டமினால் உடல் அதைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

ஒரு மாதம் சைவம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது போதும். நிரந்தரமாக வீகனாக இருப்பவர்கள் பி12 வைட்டமினைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது தோஃபுவிலோ காய்கறியிலோ நம்பத்தக்க அளவில் கிடையாது. மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ எடுங்கள். இதை வலியுறுத்தியே சொல்கிறேன். குறை வெளியே தெரிய ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம், தெரியும்போது நரம்பைப் பாதித்திருக்கும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். தோஃபு கூடாது என்கிறார்களே?

லெவோதைராக்சின் மாத்திரையோடு சேர்ந்தாற்போல் சோயா சாப்பிட்டால், மருந்து உடலில் ஏறுவது குறையக்கூடும். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, தோஃபுவை மதியத்துக்கோ இரவுக்கோ வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் அளவை முடிவு செய்யும் மருத்துவரிடம் அடிக்கடி தோஃபு சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம். கிச்சாப் கூடாதே?

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே, அதாவது 2 கிராம் சோடியத்துக்குக் கீழே. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதனால் அப்பாவுக்கு முன்னே சொன்ன மிளகுப் பெரட்டல்தான். கொதிநீர் ஊற்றும்போது உப்பு வேண்டாம், சுடுநீர் மட்டும் போதும். காரம், புளிப்பு, தாளிப்பு மூன்றும் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவது தெரியாது.

எத்தனை நாள் வைக்கலாம்?

சந்தையில் தண்ணீரில் போட்டு விற்கிற தவ்குவாவைக் காலையிலேயே வாங்கி, நேரே வீட்டுக்கு வாருங்கள். இந்த ஊர் வெயிலில் காரில் ஓரிரு மணி நேரம் இருந்தாலே வாடை மாறத் தொடங்கும். சுத்தமான தண்ணீரில் மூழ்கவைத்து மூடிக் குளிரூட்டியில் வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள். புளித்த வாடை, வழவழப்பு, தண்ணீரில் கலங்கல், இதில் எது இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

வேலைக்குக் கட்டிக்கொண்டு போனால் மதியம் நமத்துவிடுகிறது.

சாஸோடு இருந்தால் முறுகல் ஒரு மணி நேரம்கூட நிற்காது. கொண்டுபோவதற்கு மிளகுப் பெரட்டலையோ, சம்பால் பெரட்டலையோ செய்யுங்கள். அவை ஆறினாலும் ருசி குறையாது, சில நேரம் கூடும். இன்னொன்று, சூடாக மூடிவிடாதீர்கள். மூடியில் ஆவி கோத்துத் திரும்பச் சொட்டும்.

தோஃபுவுக்குப் பதில் தெம்பே போடலாமா?

போடலாம். முழு அவரையைப் புளிக்கவைத்தது என்பதால் புரதமும் நார்ச்சத்தும் தோஃபுவைவிடக் கூடுதல், தண்ணீர் எடுக்கிற வேலையும் இல்லை. மெல்லியதாக அரிந்து சிவக்க வறுத்துச் சம்பாலில் பெரட்டினால் பிரமாதம். அதன் இலேசான கசப்புப் பிடிக்காதவர்கள் முதலில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுங்கள்.

மிஞ்சிய தோஃபுவைக் குழம்பில் போடலாமா?

போடலாம். புளிக்குழம்பு, சாம்பார், கத்தரிக்காய்க் குழம்பு எதிலும் சேரும். குழம்பு கொதித்து அடங்குகிற கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள், கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். வறுத்துப் போட்டது என்றால் உடையாது. அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பரிமாறினால் புளியும் காரமும் உள்ளே இறங்கியிருக்கும்.